இரண்டு மூக்குத் துளைகள்

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்று. கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு கடையின் மாடியில் அவர்களுடைய பட்டறை இருந்தது.

குருவின் பெயர் பெனிட்டா. கதைகளிலும் வீடியோ விளையாட்டுகளிலும் வருகிற பாத்திரங்களைப்போல வேடமிட்டு மேடையேறுகிற இளைஞர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். காஸ்பிளே என்பார்கள். அவர்களுக்கு அசுரனோ, ஓநாயோ, இயந்திர மனிதனோ, கேட்டதை அவரவர் தலைக்குப் பொருந்தும்படி முகமூடியாகச் செய்து கொடுப்பது அவள் தொழில்.

சீடர் உலகநாதன் இங்கே வரும் முன்பு ஒரு பெரிய ஜவுளிக்கடையின் வாசலில் நின்று வாடிக்கையாளர்களை வரவேற்றுக்கொண்டிருந்தவர். ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது வாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. முகத்தின் இடது பக்கம் செத்துப்போயிருந்தது. வைத்தியத்தில் பாதி சரியானது, பாதி ஆகவில்லை. உதடு ஒரு பக்கம் இறங்கியே நின்றது, இடது கண் முழுதாக மூடவில்லை. கடைக்காரர்கள் அவரை வாசலிலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்துக் குடோனில் போட்டார்கள். அவர் அங்கே ஒரு வாரம்கூட இருக்கவில்லை.

முகமூடிப் பட்டறையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தபோது, உங்களுக்கு என்ன தெரியும் என்று பெனிட்டா கேட்டாள். ஒன்றும் தெரியாது என்றார். நாளையிலிருந்து வாருங்கள் என்றாள்.

அவர் ஃபோம் வெட்டினார், உப்புத்தாள் போட்டார், வண்ணம் அடித்தார். கடைசியாகத்தான் அச்சு எடுக்கக் கற்றுக்கொண்டார். அதுதான் அந்தப் பட்டறையின் கடினமான வேலை. வாடிக்கையாளரை நாற்காலியில் சாய்த்து, பல் டாக்டர்கள் அளவெடுக்கிற இளஞ்சிவப்புப் பசையைக் குழைத்து முகம் முழுக்க அப்ப வேண்டும். கண், வாய், காது எல்லாம் மூடிப்போகும். இரண்டு மூக்குத் துளைகள் மட்டும் திறந்திருக்கும். பசை இறுகியதும் மேலே மாவுக்கட்டுத் துணி போட்டு, அதுவும் காய்ந்த பிறகு கழற்ற வேண்டும். அதுவரை உள்ளே இருப்பவரால் பார்க்க முடியாது, பேச முடியாது. முடியவில்லை என்றால் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் அந்த நொடியே கழற்றிவிட வேண்டும்.

ஒருநாள் பெனிட்டா புது வேலை ஒன்று வந்திருப்பதாகச் சொன்னாள். பெயரைக் கேட்டதும் உலகநாதன் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

அஷ்வத்.

போன வருஷம் இதே பட்டறையில் முகமூடி செய்துகொண்டவன். வேடமிட்டுப் பெயர் வாங்கியவன். அவன் போடுகிற வீடியோக்களைப் பார்க்க ஒரு பெருங்கூட்டம் இருந்தது. அன்றைக்கு அவன் பட்டறையைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தான். சுவரில் தொங்கிய முகமூடிகளை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, கடைசியில் போனைத் திருப்பி உலகநாதனின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். இங்கே எல்லா மாஸ்க்கையும் கழட்டிடலாம் நண்பர்களே, இந்த ஒண்ணைத் தவிர, என்று சொல்லிச் சிரித்தான். தன்னைத்தான் சொல்கிறான் என்று புரியாமல் உலகநாதனும் சிரித்திருந்தார். கோணிய வாயோடு அவர் சிரித்த அந்தச் சிரிப்புதான் ஊரெல்லாம் சுற்றியது. அதை வெட்டி எடுத்து, முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கேலிக்கு அனுப்பிக்கொண்டார்கள்.

திருச்சியில் நர்சிங் படிக்கிற அவருடைய மகள் தமயந்திக்கும் அது வந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி, யாரென்று தெரியாமலே அனுப்பியது. தமயந்தி வகுப்புக்குப் போகாமல் விடுதி அறையிலேயே கிடந்தாள். காரணம் அப்பாவுக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது.

அவர் போனில் அஷ்வத்திடம் அந்த வீடியோவை நீக்கச் சொன்னார். அவன் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னான். ஜாலிக்குப் பண்ணினது அங்கிள், சீரியஸா எடுத்துக்காதீங்க, என்றான்.

அதற்குப் பிறகு ஒருமுறை அவன் வந்தபோது பெனிட்டா படிக்கட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு உலகநாதன் அவளை மனதுக்குள் கும்பிட்டார்.

இப்போது அவளே அவனுடைய வேலையை ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

அவன் ஒரு பெரிய போட்டிக்குப் போகிறானாம். பேசினால் கூடவே வாய் அசைகிற அசுர முகம் வேண்டுமாம். முகமூடியின் தாடை அவன் தாடையோடு ஒட்ட வேண்டும் என்பதால் அச்சு துல்லியமாக இருக்க வேண்டும். அச்சை உலகநாதன்தான் எடுக்க வேண்டும் என்றாள் பெனிட்டா.

அவர் கோபத்தில் வார்த்தை தேடினார். வாய் கோணியிருப்பதால் கோபம் வந்தால் அவருக்குப் பேச்சு குழறும். அதுவே கோபத்தை இன்னும் கூட்டும்.

"போன தடவை அவனை வாசல்லயே திருப்பி அனுப்பினீங்களே மேடம். இப்போ ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"அப்போ நீங்க அச்சு எடுக்கக் கத்துக்கலையே சார்" என்றாள் பெனிட்டா.

அவருக்கு அது புரியவில்லை. கேலி செய்கிறாளோ என்று நினைத்தார். பிறகு, பழி தீர்த்துக்கொள்ள இடம் கொடுக்கிறாள் என்று நினைத்தார். இரண்டாவதாக நினைத்தது அவருக்குப் பிடித்திருந்தது.

அச்சு எடுக்கப்போவது யார் என்று அஷ்வத்திடமும் அவள் முன்பே சொல்லியிருந்தாள். அவன் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தான். மறுநாள், வருகிறேன் என்றான்.

வந்தவன் உலகநாதனைப் பார்த்து வணக்கம் அங்கிள் என்றதோடு சரி. வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போனைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தான். உலகநாதன் அவன் தலைமுடியை உறையில் அடக்கினார், புருவத்தில் வாசலின் தடவினார், கையைத் தூக்கும் விதியைச் சொன்னார். பெனிட்டா தண்ணீர் கேன் எடுத்துவரக் கீழே போனாள்.

பசையை அப்ப அப்ப அந்த முகம் மறைந்தது. சிரித்த வாய் போனது. கண் போனது. கடைசியில் நாற்காலியில் இளஞ்சிவப்பாக ஓர் உருண்டையும் அதில் இரண்டு துளைகளும் மட்டும் மிச்சம். ஒவ்வொரு மூச்சுக்கும் துளைகளின் ஓரத்தில் பசை மெல்ல நடுங்கியது.

நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வழிந்து மூக்கின் பக்கமாக இறங்கியது. எப்போதும் அவர் அதைத் தூரிகையின் பின்முனையால் வழித்துவிடுவார். இன்றைக்கு வழிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அது இறங்கி ஒரு துளையை அடைத்தது.

அஷ்வத் கையைத் தூக்கினான்.

உலகநாதன் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக நாற்காலிக் கைப்பிடியில் இறக்கி, அங்கேயே அழுத்திக்கொண்டார். பிறகு மற்றக் கையின் கட்டைவிரலை எடுத்து மீதியிருந்த துளையின் மேல் வைத்தார்.

நாற்காலி குலுங்கியது. கால் முன்னாலிருந்த முக்காலியை உதைத்துத் தள்ளியது. பசைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, மனிதக் குரல்போல இல்லாத சத்தம்.

ஒரு மூச்சு நேரம்தான். விரலை எடுத்தார், அடைத்த துளையையும் வழித்துவிட்டார். குனிந்து, காது இருக்கும் இடத்தில் வாயை வைத்துச் சொன்னார்.

"இப்போ சிரி."

அவன் அசையவில்லை. எந்த அசைவுக்கு என்ன நடக்குமோ என்று கட்டைபோலக் கிடந்தான். பசை அப்படியே இறுகியது. உலகநாதன் மேலே மாவுக்கட்டுத் துணியைப் போட்டார், காய்ந்ததும் கழற்றினார்.

அஷ்வத்தின் முகம் வெளுத்திருந்தது. கண்ணைச் சிமிட்டி அவரைப் பார்த்தான். தண்ணீர் கேனோடு மேலே வந்த பெனிட்டாவைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் முகம் கழுவிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

அன்று மாலை உலகநாதன் சந்தோஷமாக இருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் கடலைமிட்டாய் வாங்கினார். அவன் போன் செய்து பெனிட்டாவிடம் சொல்வான், சொல்லட்டும், பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். போன் வரவில்லை.

மறுநாள் காலை, அச்சை உடைத்து, உள்ளே ஊற்றியிருந்த பிளாஸ்டரை எடுத்தார்கள். வெள்ளை முகம் மேசைக்கு வந்தது. புருவங்கள் நடுவில் வந்து முட்டிக்கொண்டிருந்தன. மூக்கு விடைத்திருந்தது. கன்னம் உள்ளே இழுத்துக் கிடந்தது.

பெனிட்டா விரலால் அந்த நெற்றியைத் தடவினாள். இவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

பசை கொஞ்சம் வழிந்துவிட்டது என்றார் உலகநாதன்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குள் கோபம் பொங்கியது. எதற்கு மறைக்க வேண்டும்?

"மூக்கை அடைச்சேன்" என்றார். "கையைத் தூக்கினான், பிடிச்சுக்கிட்டேன். ஒரே ஒரு மூச்சு. என் பொண்ணு எத்தனை நாள் ரூமை விட்டு வெளிய வராம கிடந்தா. அதுக்கு ஒரு மூச்சு ஜாஸ்தியா மேடம்?"

பெனிட்டாவின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. அடிக்கப்போகிறாள் என்றே அவர் நினைத்தார். அவள் ஆணியில் மாட்டியிருந்த தலையுறையை எடுத்து முடியை அடக்கினாள். புருவத்தில் வாசலினைப் பூசிக்கொண்டாள். நாற்காலியில் போய்ச் சாய்ந்தாள்.

"பசை கலக்குங்க."

"யாருக்கு?"

"எனக்கு எடுங்க."

வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். இன்றைக்குத் தன் கை சரியில்லை என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் கலக்கினார். குருவின் நெற்றியில், கன்னத்தில், வாயில் பசையை அப்பினார். மூக்குத் துளைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். எங்காவது ஒரு சொட்டு வழிந்தால் பாய்ந்து துடைத்தார். அவள் ஒருமுறைகூடக் கையைத் தூக்கவில்லை.

கழற்றியதும் அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, தானே பிளாஸ்டர் ஊற்றினாள். இறுகியதும் அச்சை உடைத்து முகத்தை எடுத்து, அஷ்வத்தின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதிலும் புருவங்கள் முட்டிக்கொண்டிருந்தன. அதிலும் கன்னம் உள்ளே இழுத்திருந்தது.

உலகநாதன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு நான் அப்படிப் பண்ணுவேனா மேடம்?"

"உள்ள படுத்திருக்கும்போது எனக்கு அது தெரியலையே" என்றாள்.

அவர் தலை குனிந்தார். அவள் இப்போதுதான் கோபத்தைக் குரலில் காட்டினாள். அவனைக் கூப்பிட்டு, நீங்கள் செய்ததை நீங்களே சொல்லி, அச்சை மறுபடி எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள், வருவதும் வராததும் அவன் இஷ்டம் என்றாள். அதுவரை அந்த நாற்காலியைத் தொடக்கூடாது என்றாள்.

"அவன் என்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டானா?"

"கேக்கலை."

"அப்போ நான் மட்டும் ஏன் சொல்லணும்?"

"அவன் இங்க வேலை பாக்கலை சார்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் வரவில்லை. ஜவுளிக்கடைக்காரன், அஷ்வத், பெனிட்டா எல்லாரும் ஒன்றுதான் என்று வீட்டில் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி பத்மாசனி விஷயத்தைக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தியிருக்கலாம் என்றாள். அவருக்கு அது இனிக்கவில்லை.

மகளுக்குச் சொன்னால் இனிக்கும் என்று தோன்றியது. அவளுக்காகச் செய்ததுதானே. தமயந்தியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். பசை, சொட்டு, கட்டைவிரல் எல்லாம் சொன்னார். அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு கேட்டாள். "அவன் கையைத் தூக்கினானாப்பா?"

"தூக்கினான்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். பிடிச்சுக்கிட்டேன்னு சொன்னேனே."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போவது கேட்டது. டியூட்டிக்கு நேரமாச்சுப்பா என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவர் மறுபடி மறுபடி கூப்பிட்டும் அவள் எடுக்கவில்லை.

அடுத்த நாள் உலகநாதன் அஷ்வத்துக்குப் போன் செய்தார். நான்தான் மூக்கை அடைத்தேன், தெரிந்தேதான் அடைத்தேன், அச்சு கெட்டுப்போனது, மறுபடி எடுக்க வேண்டும் என்றார். வேறு யாரிடமாவது செய்துகொள்வதென்றாலும் சரி என்றார்.

"தெரியும் அங்கிள்" என்றான் அவன்.

"தெரிஞ்சும் ஏன் மேடம்கிட்ட சொல்லலை?"

"சொன்னா, அவர் ஏன் அப்படிப் பண்ணினார்னு கேப்பாங்க. அதை நானே என் வாயால சொல்லணும்."

அவன் வந்தான். இந்தமுறை போன் சட்டைப்பைக்குள் இருந்தது. நாற்காலியைப் பார்த்ததும் அதன் அருகே நின்றுவிட்டான். நான் கூட இருக்கட்டுமா என்று பெனிட்டா கேட்டாள். அவன் உலகநாதனைப் பார்த்தான். அவர் வேறெங்கும் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.

"வேணாம் மேடம்" என்றான்.

அவள் கீழே போனாள்.

உலகநாதன் தலையுறையை மாட்டினார், வாசலின் தடவினார். "கையைத் தூக்கினா கழட்டிடுவேன்" என்றார். அவன் தலையசைத்தான்.

நெற்றியிலும் கன்னத்திலும் பசை ஏறியபோது அவன் உதடு துடித்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாதீங்க. உள்ள போயிடும்."

அவன் வாயையும் பசையால் மூடினார். இரண்டு துளைகள் மிச்சமிருந்தன. பாதியில் அவன் கை மெல்ல எழுந்தது. முழுதாக எழும் முன்பே உலகநாதன் விரலை விட்டுக் கிழித்து எல்லாவற்றையும் வழித்து எடுத்தார். அவன் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினான். தண்ணீர் கொடுத்தார். மறுபடி கலக்கினார். மறுபடியும் கை எழுந்தது. மறுபடியும் வழித்தார். தரையெல்லாம் இளஞ்சிவப்புத் துண்டுகள் கிடந்தன. மூன்றாவது தடவை அவன் கை எழவில்லை.

கழற்றிய பிறகு அஷ்வத் துண்டால் காதோரம் துடைத்துக்கொண்டே சொன்னான். அந்த வீடியோ இன்னும் எங்கெங்கோ இருக்கிறது, தான் நினைத்தாலும் இனி எடுக்க முடியாது என்றான்.

"தப்புப் பண்ணிட்டேன் அங்கிள்."

பரவாயில்லை என்று உலகநாதன் சொல்லவில்லை. முகத்தைக் கழுவிக்கொள்ளக் குழாயைத் திறந்துவிட்டார். அவன் கழுவிக்கொண்டு போனான்.

மறுநாள் பிளாஸ்டர் முகம் வெளியே வந்தது. நெற்றி விரிந்திருந்தது. உதடுகள் லேசாகப் பிரிந்து, தூங்குகிறவன் முகம்போல இருந்தது. பெனிட்டா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாடையைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாக வந்திருக்கிறது, களிமண் ஏற்றலாம் என்றாள்.

உலகநாதன் நகரவில்லை. இடது கண்ணிலிருந்து எப்போதும்போல நீர் வழிந்தது. அதைப் புறங்கையால் துடைத்தார்.

"கோபம் போகலை மேடம். நேத்தும் விரல் மூக்குக்கிட்ட இருந்தப்போ அப்படியே கொதிச்சுது. அவன் தப்புன்னு சொன்னப்புறமும் போகலை. நான் உங்களுக்கு லாயக்கில்லாத ஆளு."

பெனிட்டா களிமண் வாளியை அவர் பக்கம் தள்ளினாள்.

"கோபத்தை நான் கேக்கவே இல்லையே சார். உங்க கையைத்தானே கேட்டேன்."